64 போட்டும் தாமதம் போகவில்லை: வீட்டுப் பதிவுக் கணினி பற்றிச் சில குறிப்புகள்

9 மார்ச் 2025, இரவு 10.15

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியை அப்படியே போடுகிறேன்.

"அண்ணா, வீட்டில் கிதார் பதிவு பண்றேன். தந்தியைத் தட்டினால் ஹெட்போனில் கொஞ்சம் கழிச்சுத்தான் கேட்குது. பஃபரை 64-க்குக் கொண்டுவந்துட்டேன், அப்பவும் போகலை. லேப்டாப் பழசு, ஐ5, 8 ஜிபி. கடையில் ஐ7 வாங்கச் சொல்றாங்க. வாங்கினால்தான் சரியாகுமா?"

வாங்க வேண்டாம் தம்பி. என் லேப்டாப் 2017-ல் வந்த மாடல், அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சித்தியின் தேவாரப் பதிவுகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

முதலில் கணக்கு. கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்குவதில்லை, படியில் அளந்து வாங்குகிறது. படி நிறைந்தால்தான் உள்ளே கொட்டும். அந்தப் படிதான் பஃபர். ஒலியை ஒரு தடவை அளந்தெடுத்தால் அது ஒரு சாம்பிள். நொடிக்கு 48,000 சாம்பிள் என்று வைத்திருந்தால் 64 சாம்பிள் நிறைய 1.33 மில்லிநொடி ஆகும். 128-க்கு 2.67, 256-க்கு 5.33, 512-க்கு 10.67, 1024-க்கு 21.33. உள்ளே வர ஒரு படி, வெளியே போக ஒரு படி, அதனால் இரண்டால் பெருக்க வேண்டும். மைக்கையும் கிதாரையும் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டிக்குள் ஒலியை எண்ணாக்கி, எண்ணைத் திரும்ப ஒலியாக்கி, நடுவில் யூஎஸ்பி கம்பியில் போய்வர இன்னும் சில மில்லிநொடி.

64-ல் ஓடினால் எல்லாச் செலவும் சேர்த்து ஏழெட்டு மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். அது காதுக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது என்றால், திரையில்தான் 64 இருக்கிறது, உள்ளே வேறு ஏதோ நடக்கிறது.

9 மார்ச், இரவு 11.50

படுத்த பிறகு ஞாபகம் வந்தது. எந்த டிரைவர், அதாவது பெட்டியையும் விண்டோஸையும் பேசவைக்கும் நிரல் எது என்று கேட்கவே இல்லையே.

விண்டோஸின் வழக்கமான பாதையில் ஒலி போனால் நடுவில் ஒரு டோல்கேட் உண்டு. பிரவுசர் பாட்டு, வாட்ஸ்அப் மணி, உங்கள் கிதார் எல்லாம் அங்கே வரிசையில் நின்று கலந்துதான் வெளியே வரும். ஏஎஸ்ஐஓ என்பது அதைச் சுற்றிப் போகிற பைபாஸ். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்தது. உங்கள் பெட்டியைச் செய்தவர்களே ஏஎஸ்ஐஓ டிரைவர் தந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுங்கள். தரவில்லை என்றால்தான் ஏஎஸ்ஐஓ4ஆல். அது ஆள் மாறாமல் சட்டையை மட்டும் மாற்றுவது. உள்ளே இருப்பது விண்டோஸின் டிரைவர்தான். ஆனாலும் பெட்டியே இல்லாமல் லேப்டாப்பின் சொந்தச் சவுண்டில் பழகுபவர்களுக்கு அது பெரிய உதவி.

10 மார்ச்

தம்பியின் பதில் வந்துவிட்டது. பெட்டியின் சொந்த டிரைவர்தானாம், பதிவு செய்யும் மென்பொருள் ரீப்பராம். என் ராத்திரி ஞானம் பலிக்கவில்லை.

இன்னொன்று பார்க்கச் சொன்னேன். பெட்டியின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டனோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் மைக்கில் வருவது கணினிக்குள் போகாமலேயே ஹெட்போனுக்கு வந்துவிடும். அது ஓடும்போது ரீப்பரிலும் மானிட்டரிங் பொத்தான் எரிந்துகொண்டிருந்தால் ஒரே ஒலி இரண்டு முறை கேட்கும், ஒன்று உடனே, ஒன்று சற்றுப் பின்னால். பலர் தாமதம் என்று புலம்புவது இந்த இரட்டைக் குரலைத்தான். ஏதாவது ஒன்றை அணைத்தால் போச்சு.

தம்பி அதையும் பார்த்துவிட்டார். இரட்டை இல்லை, ஒற்றைதான், ஆனால் தாமதமாக வருகிறது என்கிறார். சரி.

14 மார்ச்

நான் பயன்படுத்துவது புளூடூத் ஹெட்போன், அதற்கு என்ன செட்டிங் என்று இன்னொருவர் கேட்கிறார்.

அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பி போட்ட ஹெட்போன் எடுப்பதுதான் செட்டிங். புளூடூத்தில் 100 முதல் 300 மில்லிநொடி வரை சாதாரணமாகப் போய்விடும். பஸ்ஸில் பாட்டுக் கேட்க நல்லது.

23 மார்ச்

இது தம்பிக்காக இல்லை, என் சொந்தக் கதை. 64 போடுங்கள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நான் மட்டும் 256-ல் இருந்தால் நியாயமா என்று நேற்று நானும் 64-க்கு இறங்கினேன். பட் பட்டென்று வெடிப்பு. புரட்டாசி மழையில் தகரக் கூரை மாதிரி.

இதற்குக் காரணம் பெரும்பாலும் சிப்பின் வேகக் குறைவு இல்லை. சராசரி வேகம் எவ்வளவு இருந்தாலும், ஒவ்வொரு 1.33 மில்லிநொடிக்கும் ஒரு தடவை ஒலிக்கு முறை வர வேண்டும். அந்த நேரம் பார்த்து வேறொரு டிரைவர் சிப்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் படி காலியாகிவிடும். அதுதான் வெடிப்பு. விண்டோஸில் இப்படிக் குறுக்கே வரும் வேலைகளுக்கு டிபிசி என்று பெயர். யார் எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று லேட்டன்சிமான் என்கிற நிரல் காட்டிக்கொடுக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டேன். என் லேப்டாப்பில் முதல் குற்றவாளி நெட்வொர்க் சம்பந்தப்பட்டது, அதாவது வைஃபை. இரண்டாவது ஏசிபிஐ. அது பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் பேர்வழி.

செய்தவை இவை. டிவைஸ் மேனேஜரில் பேட்டரி என்ற தலைப்பின் கீழே ஏசிபிஐ பேட்டரி என்று இருப்பதை முடக்கினேன் (பேட்டரி அளவு இனி தெரியாது, அதற்குத் துணிந்தவர்கள் மட்டும்). யூஎஸ்பியைத் தூங்கவிடும் வசதியை நிறுத்தினேன். பவர் பிளானில் பிராசஸரின் குறைந்தபட்ச நிலையை 100 சதவீதம் ஆக்கினேன், வேகம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கட்டும் என்று. பெட்டியை ஹப்பிலிருந்து எடுத்து நேராக லேப்டாப்பில் சொருகினேன்.

வெடிப்பு குறைந்தது. வைஃபையை மட்டும் அணைக்கவில்லை. பாட்டு வரிகளை இணையத்தில் பார்த்துத்தான் பாடுகிறோம், என்ன செய்வது.

20 ஏப்ரல்

மேலே 23 மார்ச் குறிப்பில் 100 சதவீதம் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அதை யாராவது செய்திருந்தால் இப்போது கழற்றுங்கள்.

சேலத்து ஏப்ரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பதிவு செய்யும்போது சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மைக்கில் காற்று வரும். கதவு ஜன்னலைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் பின் தெருவின் விசைத்தறி வரும். கொண்டலாம்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. ஆக ஒரு மூடிய அறை, உள்ளே ஒரு மனிதர், ஒரு லேப்டாப், இருவருக்கும் வியர்க்கிறது. சிப் ஓய்வே எடுக்கக் கூடாது என்று நான் கட்டளை வேறு போட்டு வைத்திருக்கிறேன். அது சூடேறி 95 டிகிரியைத் தொட்டது. ஓர் எல்லைக்கு மேல் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைத் திடீரென்று வெட்டும். வெட்டிய அந்த நொடியில் வெடிப்பு. வேகம் சீராக இருக்கட்டும் என்று நான் செய்ததே வேகத்தைக் கெடுத்துவிட்டது.

மாற்று வழி: அதே பவர் பிளானில் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99-க்கு இறக்குங்கள். ஒரே ஒரு சதவீதம்தான் என்று நினைக்க வேண்டாம். இன்டெல் சிப்புகளில் 99 போட்டால் டர்போ பூஸ்ட் நின்றுவிடும். சிப் தன் சாதாரண வேகத்திலேயே ஓடும், தலைதெறிக்க ஓடி மூச்சிரைத்து உட்காராது. என் லேப்டாப்பில் சூடு 70 சொச்சத்துக்கு இறங்கியது. குறைந்தபட்ச நிலையையும் பழையபடி விட்டுவிட்டேன். லேப்டாப்பின் சொந்த விசிறியும் அடங்கிவிட்டது, அது மைக்குக்கும் நல்லது.

கூட்டிக் கழித்தால், வேகத்தைக் குறைத்துத்தான் தாமதத்தைக் குறைத்திருக்கிறேன். கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

4 மே

ஏற்காட்டில் இருக்கிறேன். நண்பர் ஒருவர் புல்லாங்குழல் வாசிப்பார், காபித் தோட்டத்து ஓரத்தில் வீடு. கோடை விழாக் கூட்டம் ஏறுவதற்கு முன் வந்துவிடச் சொன்னார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இன்டர்ஃபேஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மைக் ஸ்டாண்டுக்குத்தான் இடமில்லை, முன்சீட்டில் இருந்தவரின் முதுகைக் குத்திக்கொண்டே வந்தது.

விஷயம் என்னவென்றால் இங்கே 64-ல் ஒரு மணி நேரம் ஓடியது, ஒரு வெடிப்புகூட இல்லை. கீழே இருந்த அதே லேப்டாப், அதே பெட்டி, அதே 99. 1500 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் லேப்டாப்புக்கு இளமை திரும்பிவிட்டது.

எனவே தீர்ப்பு: எல்லாம் வெயிலின் வேலை. ஐ7 வாங்குகிற காசுக்கு ஏற்காட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துவிடலாம்.

6 மே

தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன்.

வீட்டுக்கு வந்து, ஏசி இருக்கும் அக்கா வீட்டு அறையில் உட்கார்ந்து 64-ல் ஓட்டினேன். குளிர் ஏற்காட்டுக்குச் சமம். ஆனால் வெடிப்பு வந்தது. ஏற்காட்டில் வேறு என்ன மாறியது என்று யோசித்துப் பார்த்தேன். நண்பர் வீட்டில் இணையம் கிடையாது. சும்மா சிக்னல் தேடிக்கொண்டிருக்க வேண்டாமே என்று போனவுடன் விமானப் பயன்முறையைப் போட்டிருந்தேன். வைஃபை அணைந்திருந்தது! 23 மார்ச்சில் முதல் குற்றவாளி என்று நானே எழுதி வைத்து, பாட்டு வரிக்காக மன்னித்துவிட்ட அதே வைஃபை.

பிறகு ஒழுங்காக நான்கு விதமாகவும் பார்த்தேன். சூடு, வைஃபை இரண்டும் இருந்தால் மோசம். வைஃபையை மட்டும் அணைத்தால் பெரும்பாலும் போய்விடுகிறது, மதிய வேளையில் மட்டும் எப்போதாவது ஒன்று. அறையை மட்டும் குளிரவைத்தால் பாதிதான் குறைகிறது. இரண்டையும் செய்தால் சுத்தம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு ஒன்றுக்கு மாலை போட்டிருக்கிறேன். பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இதற்குத்தான் முட்டி போட வைத்தார்.

பாட்டு வரியை இப்போது நோட்டில் எழுதிக்கொள்கிறோம்.

25 மே

காதுக்குத் தெரியவே தெரியாது என்று முதல் நாள் எழுதியதற்குச் சித்தியிடமிருந்து மறுப்பு.

சித்திக்குக் கணினியும் தெரியாது, மில்லிநொடியும் தெரியாது. 64-ல் வைத்து, ரீப்பர் வழியாகவே குரலை ஹெட்போனில் கொடுத்தேன். போகவர சுமார் 7 மில்லிநொடி. இரண்டு வரி பாடிவிட்டுக் கழற்றினார். "ஏன்டா, என் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. மூக்கடைச்ச மாதிரியும் இருக்கு" என்றார்.

பின்னால் வருகிறது என்று சொல்லவில்லை பாருங்கள். குரலின் நிறம் மாறுகிறது என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். பாடுபவர் தன் குரலைக் காதால் மட்டும் கேட்பதில்லை. தாடை எலும்பு, மண்டை ஓடு வழியாகவும் கேட்கிறார், அதற்குத் தாமதமே கிடையாது. ஹெட்போனில் அதே குரல் சில மில்லிநொடி தள்ளி வந்து அதோடு கலக்கும்போது சில சுரங்களில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். 5 மில்லிநொடி தள்ளி வந்தால் 100 ஹெர்ட்ஸ், 300, 500 என்று வரிசையாகப் பள்ளம் விழும். சீப்பின் பற்கள் போல இருப்பதால் இதைக் கோம்ப் ஃபில்டர் என்கிறார்கள். 7 என்றால் பள்ளங்கள் இடம் மாறுமே தவிரப் போகாது. கிதார்காரருக்கு 7 ஒன்றுமில்லை. பாடுகிறவருக்கு 3 கூட உறுத்தும்.

ஆகவே பாட்டுக்கு டைரக்ட் மானிட்டர்தான். சித்திக்கு அதைப் போட்டதும் குரல் தெளிந்தது. ஆனால் அடுத்த புகார்: "மொட்டையா இருக்கு, கோவில்ல பாடற மாதிரி இல்லை." எதிரொலி வேண்டுமாம். டைரக்ட் மானிட்டரில் எதிரொலி வராது, அது கணினிக்குள் போகாத ஒலி.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. ரீப்பருக்குள் எதிரொலி சேர்க்கும் சிறு நிரலான ரீவெர்ப் பிளக்இன்னில் நேரடிக் குரலைப் பூஜ்யமாக்கி, எதிரொலியை மட்டும் வெளியே விடுங்கள். நேரடிக் குரல் பெட்டியிலிருந்து உடனே வரும், எதிரொலி மட்டும் கணினி வழியாகச் சற்றுப் பின்னால் வரும். எதிரொலி பின்னால் வருவதுதானே இயற்கை! பத்துப் பதினைந்து மில்லிநொடி தள்ளி வந்தால் மண்டபம் சற்றுப் பெரியது என்று காது எடுத்துக்கொள்ளும். இப்படிச் செய்தால் பஃபரை 256-லேயே விட்டுவிடலாம். வைஃபையோடுகூட ஓடும்.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. மார்ச்சிலிருந்து 64-க்காக நான் பட்ட பாட்டில் பாதி வேண்டாத பாடு.

26 மே

சித்தி இப்போது ஹெட்போனின் ஒரு காதைத் தள்ளிவிட்டுத்தான் பாடுகிறார். யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்டுடியோப் பாடகர்கள் பலரும் அப்படித்தான் பாடுவார்கள். மேலே எழுதிய கோம்ப் ஃபில்டர் பாடம் எல்லாம் அவருக்கு எதற்கு.

15 ஜூன்

இன்று ஒரு கம்பியை வைத்துக்கொண்டு அரை நாள் போயிற்று, ஆனால் வீணில்லை.

ரீப்பரின் மேல் ஓரத்தில் தாமதம் இத்தனை மில்லிநொடி என்று ஓர் எண் தெரியும். அது ரீப்பர் அளந்தது இல்லை, டிரைவர் சொன்னது. டிரைவர் சொல்வதை நம்பித்தான் ரீப்பர் பதிவான ட்ராக்கை அத்தனை மில்லிநொடி முன்னால் இழுத்து வைக்கிறது. டிரைவர் குறைத்துச் சொன்னால் நாம் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் ட்ராக் பின்தங்கியே உட்காரும். புல்லாங்குழல் நண்பரிடம் "நீங்கள் தாளத்தில் சற்றுப் பின்னால் வருகிறீர்கள்" என்று ஏற்காட்டில் சொல்லியிருந்தேன். அந்தச் சந்தேகத்தில்தான் அளந்தேன்.

அளக்கும் விதம்: பெட்டியின் அவுட்புட்டிலிருந்து ஒரு கம்பியை எடுத்து அதே பெட்டியின் இன்புட்டில் சொருகுங்கள். ஒரு ட்ராக்கில் டிக் டிக் என்று மெட்ரோனோம் ஒலியை வைத்து ஓடவிட்டு, அதை இன்னொரு ட்ராக்கில் பதிவு செய்யுங்கள். டைரக்ட் மானிட்டரையும் ரீப்பரின் மானிட்டரிங்கையும் அணைக்க மறக்க வேண்டாம், மறந்தால் சுற்றிச் சுற்றி ஊளையிடும், காது போய்விடும். பிறகு இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கிப் பார்த்து, டிக்குகளுக்கு நடுவே எத்தனை சாம்பிள் இடைவெளி என்று எண்ணுங்கள். நியாயமாக அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

எனக்கு 148 வந்தது. 48,000-ஆல் வகுத்தால் 3 மில்லிநொடிக்குச் சற்று மேல். என் டிரைவர் அவ்வளவு குறைத்துச் சொல்லியிருக்கிறது. ரீப்பரின் பிரிஃபரன்ஸில் ரெக்கார்டிங் பகுதிக்குள் அவுட்புட் ஆஃப்செட் என்று இருக்கும், அங்கே 148 என்று எழுதிவிட்டு மறுபடி பதிவு செய்தேன். டிக்கின் மேல் டிக் வந்து உட்கார்ந்தது.

நண்பருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "3 மில்லிநொடியெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா, அன்னைக்கு நான் நிஜமாவே பின்னாலதான் வாசிச்சேன், குளிருல விரல் ஓடலை" என்றார்.

16 ஜூன்

நேற்றையதற்கு ஒட்டு. 128-லும் 256-லும் அளந்து பார்த்தேன், அதே 148. அதாவது பஃபரோடு சேர்ந்து மாறாத ஒரு பாக்கி, ஒரு தடவை எழுதிவிட்டால் போதும். ஆனால் ஏஎஸ்ஐஓ4ஆல் போட்டு அளந்தால் ஒவ்வொரு தடவை ரீப்பரைத் திறக்கும்போதும் வேறு எண் வந்தது. 9 மார்ச்சில் அதற்குச் செய்த பாராட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழக நல்லது, அடுக்கடுக்காக ட்ராக் போடத் தொல்லை.

22 ஜூன்

மில்லிநொடி என்பதை மனத்தில் வாங்க முடியவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அடியில் அளந்துகொள்ளுங்கள். ஒலி ஒரு மில்லிநொடியில் ஏறக்குறைய ஓர் அடி போகும். 10 மில்லிநொடித் தாமதத்தில் கிதார் வாசிப்பது, ஆம்ப்ளிஃபையரைப் பத்தடி தள்ளி வைத்து வாசிப்பதற்குச் சமம். மேடையில் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். சாமி ஊர்வலத்தில் நாதஸ்வரத்துக்குப் பத்து மீட்டர் பின்னால் நடந்து வருகிறவருக்கு அது 29 மில்லிநொடி கழித்துத்தான் கேட்கிறது, யாரும் குறைசொல்லிப் பார்த்ததில்லை. தவிலும் நாதஸ்வரமும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவர்கள் பஃபர் கணக்குப் பார்த்து நிற்கவில்லை.

உபரித் தகவல்: சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355. ஆக ஏற்காட்டைவிடச் சேலத்தில் ஒலிக்குத் தாமதம் குறைவு. நம் ஊர் வெயிலுக்கு ஒரு நல்ல பெயராவது இருக்கட்டும்.

பின் தெருத் தறியை மெட்ரோனோமாக வைக்கலாமா என்று கேட்டவருக்கு: முயன்று பார்த்தாயிற்று. ஒரு தறியென்றால் பரவாயில்லை. இரண்டு தறி ஓடினால் ஒன்றுக்கொன்று விலகி விலகிச் சேரும். அதற்குத் தாளம் போட வேறு பிறவி வேண்டும்.

கீபோர்ட் கேள்விக்கும் இங்கேயே பதில். மிடி கீபோர்டில் உள்ளே வருவது வெறும் கட்டளை, ஒலி இல்லை. அதனால் வெளியே போகும் படி மட்டும்தான் கணக்கு, கிதாரைவிட ஏறக்குறைய பாதி. அப்படியும் தாமதமாகத் தோன்றினால் பியானோ ஒலியை வைத்து வாசித்துப் பாருங்கள். வயலின் கூட்ட ஒலிகள் மெதுவாகத்தான் எழும்பும், அந்தப் பழியைக் கணினி மேல் போடுகிறோம்.

13 ஜூலை

அஸ்தம்பட்டித் தம்பி இன்று லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான்கு மாதமாக எழுத்தில் வைத்தியம் பார்த்தது போதும் என்று நினைத்திருப்பார். வரும்போது தட்டுவடை செட் பார்சல். நல்ல பிள்ளை.

ரீப்பரைத் திறந்தோம். 64. சொந்த டிரைவர். டைரக்ட் மானிட்டர் இல்லை. கம்பி ஹெட்போன். எல்லாம் சரி. கிதாரைத் தட்டினார். நூறு மில்லிநொடிக்குக் குறையாது, எனக்கே தெரிந்தது.

எல்லா ட்ராக்கும் கலந்து வெளியே போகும் மாஸ்டர் ட்ராக்கின் எஃப்எக்ஸ் பட்டன் பச்சையாக இருந்தது. திறந்தால் உள்ளே ஐந்து பிளக்இன். ஏதோ வீடியோவில் "பாட்டு சத்தமாக, பளிச்சென்று வர" என்று காட்டியதை அப்படியே போட்டு, அதையே புதுப் புராஜெக்ட்டுக்கு வார்ப்பாகவும் சேமித்திருக்கிறார். அதில் ஒன்று, சுரங்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் லீனியர் ஃபேஸ் என்கிற வகை. அந்த வகை ஈக்யூ ஒலியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடும், அதற்குக் காத்திருந்தே ஆக வேண்டும். ஜன்னலின் கீழே 4096 சாம்பிள் என்று எழுதியே இருந்தது. 85 மில்லிநொடி! அதற்குப் பின்னால் சத்தம் எல்லை மீறாமல் முன்கூட்டிப் பார்த்து அடக்கும் லிமிட்டர் ஒன்று, அது தன் பங்குக்குக் கொஞ்சம். பஃபரை 64 ஆக்கினால் என்ன, 6 ஆக்கினால் என்ன.

மாஸ்டர் எஃப்எக்ஸை அணைத்தோம். தட்டினார். உடனே கேட்டது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. டிரைவர், டிபிசி, வெயில், வைஃபை, மண்டை ஓடு வரை போய்வந்துவிட்டேன். மாஸ்டரில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மாஸ்டரில் எப்போதும் எதுவும் இருக்காது, அதனால் தோன்றவே இல்லை. இனி யார் கேட்டாலும் வரிசை இதுதான்: மாஸ்டரைக் காலி செய்து பார், பிறகு டிரைவர், பிறகு வைஃபை, கடைசியில்தான் பஃபர். மெருகேற்றும் பிளக்இன்கள் எல்லாம் பதிவு முடிந்து கலக்கும்போது, அப்போது பஃபரை 1024 வைத்தாலும் குற்றமில்லை.

அதே நாள், மாலை

தாமதம் தீர்ந்ததும்தான் தம்பி அடுத்ததைச் சொன்னார். அவர் வீட்டில் கிதாரைச் சொருகினால் ஊம் என்று ஓர் இரைச்சலாம். தந்தியைத் தொட்டால் அடங்குகிறது, சார்ஜரைப் பிடுங்கினாலும் அடங்குகிறது. எர்த் பிரச்சினை. சார்ஜரின் மூன்றாவது முள்ளை உடைத்து இரண்டு முள் அடாப்டரில் சொருகியிருக்கிறார். மூன்று முள் இருந்தாலும் அந்த வீட்டுச் சுவரில் எர்த் கம்பி எங்கேயும் போய்ச் சேரவில்லையாம். பேட்டரியில் பதிவு செய்தால் இரைச்சல் போகும், ஆனால் பேட்டரியில் லேப்டாப் தானே சிக்கனத்துக்குப் போய்விடும், வெடிப்பு வரும். ஒன்றை அழுத்தினால் ஒன்று எழும்புகிறது.

17 ஆகஸ்ட்

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடிகிற வரை ஊரில் மைக்கைத் திறக்க முடியவில்லை. எல்லாக் கோவிலிலும் ஒலிபெருக்கி. அந்த இடைவெளியில் விண்டோஸை விட்டு லினக்ஸ் பக்கம் போனேன். லினக்ஸில் ஒரு வகையான டெபியன் 13 இந்த மாதம் 9-ம் தேதிதான் வந்தது. அதன் மையக்கருவான கெர்னல் 6.12 பதிப்பு. ஒலிக்காரர்கள் வெகுகாலம் தனி ஒட்டாகப் போட்டுக்கொண்டிருந்த ரியல்டைம் வசதி (ஒலிக்கு நேரம் தவறாமல் முறை தருவது) மூலக் கெர்னலிலேயே சேர்ந்தது அந்தப் பதிப்பில்தான், 2024 நவம்பரில். டெபியனில் அதற்கென ரியல்டைம் கெர்னலைத் தனியே நிறுவ வேண்டும், பிறகு நம்மை ஆடியோ குழுவில் சேர்த்து ரியல்டைம் முன்னுரிமை தர வேண்டும். பஃபர் என்பதை, அங்கே ஒலியைக் கையாளும் பைப்வயரில் குவாண்டம் என்கிறார்கள், வந்தபடியே விட்டால் 1024.

என் பெட்டி டிரைவரே கேட்காமல் ஓடியது. 128-ல் வைஃபையோடு ஒரு மணி நேரம், வெடிப்பு இல்லை. ஆனால் நான் வாங்கி வைத்திருக்கும் பிளக்இன்களில் இரண்டு லினக்ஸுக்கு வருவதில்லை. எனவே இப்போதைக்கு வாரநாளில் விண்டோஸ், ஞாயிற்றுக்கிழமை டெபியன். 64 ஏன் போடவில்லை என்று கேட்க வேண்டாம். அந்த ஆசை விட்டுப்போயிற்று.

7 செப்டம்பர்

நேற்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை வரை. தறிகள் எல்லாம் நின்றன. இவ்வளவு அமைதி கிடைக்காது என்று சித்தியையும் தம்பியையும் வரச்சொல்லி, பேட்டரியிலேயே பதிவு தொடங்கினேன். இரண்டாவது நிமிடம் வெடிப்பு. வைஃபையைப் பார்த்தேன், அணைந்திருந்தது. மாஸ்டரைப் பார்த்தேன், காலி. பிறகுதான் தெரிந்தது. பவர் பிளானில் மின்சாரத்துக்கு ஒரு கட்டம், பேட்டரிக்கு ஒரு கட்டம் தனித்தனியாக இருக்கிறது. ஏப்ரலில் போட்ட 99 முதல் கட்டத்தில் மட்டும் இருந்தது, மார்ச்சில் யூஎஸ்பி தூக்கத்தை நிறுத்தியதும் அதேபோல்தான். பேட்டரிக் கட்டத்தில் எல்லாம் பழைய சிக்கனம். மாற்றினேன், நின்றது. மார்ச்சில் ஏசிபிஐ பேட்டரியை முடக்கி வைத்ததால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமலேயே பாடி முடித்தோம். கடைசிச் சரணத்துக்கு இரண்டு வரி இருக்கும்போது லேப்டாப் அணைந்தது.

8 செப்டம்பர்

பதிவான வரை கோப்பு பத்திரமாக இருக்கிறது. ஏசிபிஐ பேட்டரியைத் திரும்ப இயக்கிவிட்டேன், 256-ல் அதனால் ஒரு வெடிப்பும் வரவில்லை.

தம்பி ஐ7 வாங்கவில்லை. அதற்கு எடுத்து வைத்த பணத்தில் வீட்டுப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்குகிறார். அடுத்த ஞாயிறு மீதி இரண்டு வரியை அவர் வீட்டில் வைத்துப் பதிவு செய்கிறோம்.